சொந்த ஊர் எது சேட்டு?

எனக்கு 47 வயது. ‘சொந்த ஊர் எது?’ என்ற கேள்விக்கு இதுவரை நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேட்டபோது செவ்வாய்ப்பேட்டை. சென்னையில் கேட்டால் சேலம். சேலத்துக்காரர்களே என் மூஞ்சியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்திக் கேட்டால் ராஜஸ்தான். ராஜஸ்தானில் கேட்டால் மறுபடியும் சேலம். அங்கே யாருக்கும் சேலம் தெரியாது என்பதால் கடைசியில் ‘மத்ராஸ் பக்கம்’ என்று முடித்துக்கொள்வேன். போன மாதம் ஏற்காட்டில், சேர்வராயன் கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு பெரியவர் இதே கேள்வியைக் கேட்டார். பதிலுக்கு நானும் அவரிடம் கேட்டேன். அவர் சொன்னது மூன்று வாரமாக என்னை விடமாட்டேன் என்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சேலத்தில் எங்களை எல்லோரும் சேட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். தாத்தா பெரிய சேட்டு, அப்பா சேட்டு, நான் சின்ன சேட்டு. வெள்ளிக் கடை. கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குக் கட்டி வெள்ளி கொடுப்பது, செய்து வந்த கொலுசை எடை போட்டு வாங்கி வடக்கே அனுப்புவது. தராசுத் தட்டில் கொலுசைக் கொட்டும் சத்தம்தான் என் தாலாட்டு என்று அம்மா சொல்வாள். வீட்டில் மார்வாடி, வாசற்படி தாண்டினால் தமிழ், பரீட்சைக்கு இங்கிலீஷ். ஆறு வயதில் குகை மாரியம்மன் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கையில் எனக்குக் கிருஷ்ணர் வேஷம் போட்டார்கள். காரணம் பக்தி இல்லை, நிறம். ‘நம்ம சேட்டு பையன் செவப்பா இருக்கான், பவுடர் மிச்சம்’ என்று தெருக்காரர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. நீல நிறமான கிருஷ்ணனுக்குச் சிவந்த பையன் எதற்கு என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. விளக்கு கட்டின வண்டியில் மூன்று மணி நேரம் புல்லாங்குழலைப் பிடித்தபடி நின்று, இறங்கும்போது கால் மரத்துப்போய் அழுதேன். என் வாழ்க்கையில் நான் முழுக்கச் சேலத்துக்காரனாக இருந்த ராத்திரி அது.

நாற்பதைத் தாண்டியபோது தூக்கம் போனது. கடன் இல்லை, நோய் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும், எதையோ எங்கோ வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். அப்போதுதான் அலைய ஆரம்பித்தேன். திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் சுற்றினேன். பத்து நாள் பேசாமல் உட்காரும் தியான முகாமுக்குப் போனேன். நான்காம் நாள் காதுக்குள் கொலுசுச் சத்தம் கேட்டது, ஆறாம் நாள் வெள்ளி விலை என்னவாகியிருக்கும் என்ற கவலை வந்தது. ஹரித்துவார், ரிஷிகேஷ் எல்லாம் ஆயிற்று. ஒன்றும் வேண்டாமென்று தோன்றினால் அடிவாரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஏற்காட்டுக்கு நடந்தே ஏறுவேன். இருபது கொண்டை ஊசி வளைவு. உடம்பு களைக்கும், மனசு களைக்காது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழமொழி உண்டு: ஓடுகிற தண்ணீரும் அலைகிற சாதுவும் அழுக்காவதில்லை. எங்கள் ஜைன முனிகள் மழைக்கால நான்கு மாதம் தவிர ஓரிடத்தில் தங்க மாட்டார்கள், வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பார்கள். இதையெல்லாம் சொல்லி என் ஊர்சுற்றலுக்கு நியாயம் கற்பித்தபோது அம்மா சொன்னாள், “நீ சாதுவும் இல்ல, தண்ணியும் இல்ல. கடையைத் திற.”

அப்பா போன பிறகு கடையின் பரணைச் சுத்தம் செய்தேன். சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்குப் புத்தகங்கள், ‘பஹி’ என்போம், பதினொன்று இருந்தன. தாத்தாவின் கையெழுத்து. அதில் ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்க வரவில்லை. அது மகாஜனி எழுத்து. பழைய வியாபாரிகள் வேகத்துக்காக உயிர்க்குறிகளை விட்டுவிட்டு எழுதுவார்கள். எழுதினவருக்கும் எழுதப்பட்டவருக்கும் மட்டும்தான் புரியும். இதை வைத்து ஒரு பழைய கேலி உண்டு. ‘காகாஜி அஜ்மேர் கயா’, அதாவது சித்தப்பா அஜ்மீர் போயிருக்கிறார் என்று ஊருக்குக் கடிதம் வந்ததாம். படித்தவர் ‘காகாஜி ஆஜ் மர் கயா’, சித்தப்பா இன்று செத்துப்போனார் என்று படித்துவிட, வீட்டில் ஒப்பாரியாம். சின்ன வயதில் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். பரணில் புழுதிக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வரவில்லை. என் தாத்தா எழுதி வைத்ததில் யார் அஜ்மீர் போனார்கள், யார் செத்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்று முடிவு கட்டினேன். வேர் அங்கே இருக்கிறது, நான் இங்கே வாடுகிறேன். மணலைப் பார்த்தால் சரியாகிவிடும். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மணலும் சீமைக் கருவேலமும்

சென்னை போய், இரண்டு ராத்திரி ரயிலில் கழித்து, ஜோத்பூரில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஓசியான். ஓஸ்வால் என்ற எங்கள் சாதிப் பெயரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். எட்டாம் நூற்றாண்டு மகாவீரர் கோவிலும், குன்றின் மேல் எங்கள் குலதெய்வம் சச்சியாய் மாதாவும் அங்கே இருக்கிறார்கள். ஆதியில் பலி வாங்கிக்கொண்டிருந்த அம்மன், ரத்னபிரப சூரி என்ற ஜைன ஆசாரியர் கேட்டுக்கொண்டதால் சைவமாக மாறினாள் என்பது கதை. கிடா வெட்டும் ஊரில் வளர்ந்த எனக்கு அந்தக் கதை எப்போதுமே கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். கும்பிட்டேன். கூட்டம், வரிசை, தேங்காய். கண்ணை மூடினால் சேலத்துக் கோட்டை மாரியம்மன்தான் வருகிறாள், நான் என்ன செய்ய?

மணல்மேட்டில் அமைதியைத் தேடிப் போனவனுக்கு அங்கே கிடைத்தது சுற்றுலாக் கூடாரம். ஜீப் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறுகிறது, ஒட்டகத்துக்கு கூலிங் கிளாஸ் மாட்டியிருக்கிறார்கள், ராத்திரி பதினோரு மணி வரை ஸ்பீக்கர். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த ஒரே முகம் சீமைக் கருவேலம். 1940ல் ஜோத்பூர் சமஸ்தானம் அதை அரச மரியாதையோடு காப்பாற்ற வேண்டிய செடியாகவே அறிவித்ததாம். அவர்கள் அதை ‘விலாயதி பபூல்’ என்கிறார்கள். விலாயதி என்றால் சீமை, பபூல் என்றால் கருவேலம். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வார்த்தைக்கு வார்த்தை அதே வசவு. இன்னொரு மரத்தை முதலில் அடையாளம் தெரியவில்லை. கேஜ்ரி என்று காட்டினார்கள். ஜோத்பூர் பக்கத்தில் 1730ல் ராஜாவின் ஆட்கள் இந்த மரத்தை வெட்ட வந்தபோது, கட்டிப்பிடித்துக்கொண்டு 363 பிஷ்னோய்கள் உயிரை விட்டார்கள் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த சரித்திரம். கிட்டே போய் இலையைப் பார்த்தால் வன்னி! நம் கோவில்களில் தலவிருட்சமாகச் சுற்றி வந்து கும்பிடுகிறோமே, அதே வன்னி. அதன் காயை அவர்கள் உலர்த்திக் குழம்பு வைக்கிறார்கள். அம்மா சேலத்தில் பண்டிகைக்குச் செய்யும் சாங்க்ரி கறி அதுதான் என்பதும், இத்தனை வருஷம் வன்னிக்காயைத் தின்றுகொண்டிருந்தேன் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓசியானிலிருந்து பலோடி போகும் சாலையில் இறங்கி உள்ளே போனால் எங்கள் கிராமம். அங்கே பூவாசா இருக்கிறார், அப்பாவின் அக்கா. எழுபத்தைந்து வயது இருக்கும். ஒரு முறைகூடச் சேலத்தைப் பார்த்ததில்லை. நான் பேசிய மார்வாடியைக் கேட்டுவிட்டு முற்றத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். வாக்கிய முடிவில் ‘ல்ல?’ என்று சேர்க்கிறேனாம். ‘மத்ராசி மாமா’ என்று பேர் வைத்தார்கள். முகம் கழுவ ஒரு வாளித் தண்ணீர் எடுத்ததற்குப் பூவாசாவிடம் முதல் திட்டு. வீட்டு முற்றத்திலேயே டாங்கா, தரைக்குள் தோண்டின மழைநீர்த் தொட்டி. சுற்றிலும் நாலாபக்கமும் சரிவாகத் தட்டிக் கெட்டித்த மண்தரை. மழைக்கு முன்னால் அதைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள், செருப்புக் காலோடு யாரும் மிதிக்கக் கூடாது. இப்போது குழாய் வந்துவிட்டது, ஆனாலும் டாங்காவின் மூடிக்குப் பூட்டு இருக்கிறது, சாவி பூவாசாவின் இடுப்பில் இருக்கிறது.

தகரப் பெட்டி

இரண்டாம் நாள் மத்தியானம், வெயில் கொதிக்கும்போது, பூவாசா கட்டிலுக்கு அடியிலிருந்து பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டியை இழுத்தார். “உன் தாத்தா எனக்குச் செய்த ஒரே மரியாதை” என்று ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். குரலில் பாசம் இல்லை.

தாத்தா 1940களில் சேலம் வந்தவர். எங்கள் மொழியில் ‘திசாவர்’ போவது என்பார்கள், தூர தேசத்துக்கு வியாபாரத்துக்குப் போவது. ஆண்கள் திசாவர் போவார்கள். பெண்கள் மணலில் காத்திருப்பார்கள். மூன்று வருஷம், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். தமிழில் பாலைத் திணைக்கு உரியது பிரிவு என்று ஒன்பதாம் வகுப்பில் ஐயா நடத்தினார். பொருள் தேடித் தலைவன் சுரம் கடந்து போவான், தலைவி வீட்டில் இருப்பாள். அதை நான் இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தேன். என் பாட்டி அந்த இரண்டு மதிப்பெண் கேள்வியைப் பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தாள் என்று அப்போது தெரியாது. பிறகு தாத்தா பாட்டியையும் கைக்குழந்தையாக இருந்த அப்பாவையும் சேலத்துக்கு அழைத்துக்கொண்டார். மூத்தவளான பூவாசாவைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். எப்படியும் கட்டிக் கொடுக்கப்போகிற பெண், அவ்வளவு தூரம் எதற்கு என்றார்களாம்.

1965 பிப்ரவரியில் பூவாசாவுக்குக் கல்யாணம். தாத்தா வருவதாக எழுதியிருந்தார். வரவில்லை. கல்யாணம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் சொந்தக்காரர் ஒருவர் கையில் கொலுசு மட்டும் வந்தது. கூடவே ஒரு துண்டுக் கடிதம்: ரயில் ஓடவில்லை.

“ரயில் ஓடலையாம்!” பூவாசா இப்போதும் அதைச் சொல்லிக் கையைத் தட்டினார். “ஊர் முழுக்கச் சிரிச்சாங்க. மழை பெய்யும், பெய்யாம போகும். ரயில் எப்படி ஓடாம போகும்? கடையைப் பூட்ட மனசில்லை, அவ்வளவுதான். பொய்யையாவது நல்லதா ஒண்ணு சொல்லியிருக்கலாம்.” மாமியார் வீட்டில் யார் எதற்கு வராவிட்டாலும் ‘ஏன், ரயில் ஓடலையா?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டதாம். அறுபது வருஷம்.

பொட்டலத்தைப் பிரித்தேன். சலங்கை வைத்த கெட்டிக் கொலுசு, திருகாணி போட்டது. சந்தேகமே இல்லை, எங்கள் ஊர் வேலை. பற்றவைத்த இடத்தை விரலால் தடவினாலே எனக்குத் தெரியும். கறுத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்போதுதான் சுற்றியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. பழுப்பேறி, மடிப்பில் கிழிந்த தமிழ்த் தினசரியின் பாதித் தாள். அந்த வீட்டில், அந்த ஊரில், நான் பார்த்த எழுத்துகளில் எனக்குச் சரளமாகப் படிக்க வந்த முதல் எழுத்து அதுதான். தாத்தாவின் பஹி படிக்க வரவில்லை, கோவில் கல்வெட்டு படிக்க வரவில்லை. கொலுசு சுற்றிய காகிதம் வந்தது.

தேதி 1965 பிப்ரவரி இரண்டாம் வாரம். தாள் முழுக்க இந்தி எதிர்ப்புப் போராட்டம். மாணவர்கள், தடியடி, துப்பாக்கிச் சூடு, கல்லூரிகளுக்குப் பூட்டு. கீழே, மடிப்புக்குப் பக்கத்தில், ரயில்கள் ரத்து என்ற சேதி. எந்தெந்த வண்டி, எங்கே நின்றது என்று பத்து வரி. நான் அதை முதலில் மனசுக்குள் படித்தேன். பிறகு வாய்விட்டுத் தமிழில் படித்தேன். ஏன் அப்படிச் செய்தேனென்று தெரியவில்லை, மொழிபெயர்த்துச் சொன்னால் நம்பமாட்டார் என்று தோன்றியிருக்கலாம். முற்றத்துப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். அதன் பிறகு மார்வாடியில் சொன்னேன். தெற்கே இந்தி வேண்டாமென்று பெரிய கலவரம் நடந்தது. ரயிலை மறித்தார்கள். இந்தியில் பெயர்ப் பலகை வைத்திருந்தவர்கள் தார் பூசி அழித்துக்கொண்டார்கள். தாத்தாவின் கடையில் எண்பதுகள் வரை தொங்கின பலகையில் ஒரு மூலை மட்டும் கறுப்பாக இருந்தது எனக்கே தெரியும், எண்ணெய்க் கறை என்று நினைத்திருந்தேன்.

பூவாசா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. “அந்த ரயில் வரியை மட்டும் மறுபடி படி” என்றார். படித்தேன். “அவங்க பாஷையிலேயே படி.” படித்தேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது, ஆனால் ‘ரயில்’ என்ற சொல் வரும்போதெல்லாம் தலையை ஆட்டினார். பிறகு, “மிச்சத்தில் என்ன இருக்கு?” என்று கேட்டார். பின்பக்கம் ஒரு சினிமா விளம்பரம், ஒரு தைல விளம்பரம், மூலையில் மேட்டூர் அணை நீர்மட்டம். எண் இருந்த இடம் கிழிந்திருந்தது. நிறைந்தால் 120 அடி என்று சொன்னேன். டாங்காவின் ஆழம் பன்னிரண்டு அடி. அவர் என் முகத்தைப் பார்த்தார். “இது பொய்” என்றார்.

அந்தக் காகிதத்தை நான் கேட்டேன். கொடுக்கவில்லை. கொலுசை அப்படியே வைத்து மடித்து, பெட்டியில் போட்டுப் பூட்டினார். அன்றைக்கு ராத்திரி முற்றத்தில் இரண்டு கட்டில் போட்டுப் படுத்தோம். எனக்குக் கொட்டக் கொட்ட விழிப்பு. பூவாசா குறட்டை விட்டுத் தூங்கினார். நிம்மதி தேடி வந்தவன் நான். அது வேறு விலாசத்தில் டெலிவரி ஆகிவிட்டது.

காஞ்சிபுரம்

திரும்பி வந்ததும் வழக்கம்போல ஏற்காடு. காபிப் பழம் பறித்து முடிக்கும் சமயம், தோட்டங்களில் ஆள் நடமாட்டம் இருந்தது. சேர்வராயன் கோவில் 5,300 அடிக்கு மேல், குகைக்குள் குனிந்து போக வேண்டும். உள்ளே சேர்வராயனோடு காவேரி அம்மன். மலையும் நதியும் புருஷன் பெண்டாட்டி என்பது மலைக்காரர்களின் கணக்கு. இறங்கி வரும்போது பாலத்துக் கட்டையில் ஒரு பெரியவர் மிளகு மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். மலையாளி இனத்தவர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சேட்டுங்களா?”

“ஆமாங்க. செவ்வாப்பேட்டை.”

“அது சரிங்க. சொந்த ஊரு எதுங்க சேட்டு?”

எப்போதும் சொல்கிற பதில் நாக்கு நுனியில் இருந்தது. எரிச்சலோ என்னவோ, “உங்களுக்கு எதுங்க?” என்றேன். இந்த மலைதான் என்பார், நானும் சரி என்று தலையாட்டி வாயை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த மலையில் காபியை 1820களில் காக்பர்ன் என்ற கலெக்டர் கொண்டுவந்தார், சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, சுற்றுலாக்காரர்கள் வாரம்தோறும் வருகிறார்கள். வராத ஆள் என்றால் இவர்கள்தானே?

“நமக்குக் காஞ்சிபுரமுங்க” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. அண்ணன் தம்பி மூன்று பேர் காஞ்சியிலிருந்து கிளம்பி வந்தார்களாம். மூத்தவர் வழியில் வந்தவர்கள் இவர்கள், மற்றவர்கள் கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் போனார்கள். எத்தனை தலைமுறை என்று கேட்டேன். கையை மலைச்சரிவுப் பக்கமாக வீசினார், அவ்வளவு.

“காஞ்சிபுரம் போயிருக்கீங்களா?”

“நானா? எதுக்குங்க?” நிஜமாகவே புரியாமல் கேட்டார். “வரும்போதே கரிராமன் சாமியக் கூட்டிக்கிட்டுத்தான் வந்தாங்க. சாமியே இங்க வந்துருச்சு. அப்புறம் அங்க நமக்கு என்ன சோலி?” மிளகு மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க சாமியக் கூட்டியாந்தீங்களா, அங்கியே வுட்டுட்டு வந்துட்டீங்களா?”

பஸ் வந்துவிட்டது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்படியில் ஏறினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதை ஒரு வேடிக்கை மாதிரிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் துழாவி, உள்ளங்கை அளவு சிவப்புத் துணிப் பை ஒன்றை எடுத்து வந்தாள். என் முதல் முடி. எங்கள் வழக்கத்தில் அதைக் குலதெய்வத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் கடையில் பணம் இல்லை, ஓசியான் போக முடியவில்லை. கோட்டை மாரியம்மன் கோவிலில் மொட்டை போட்டு, முடியை மட்டும் எடுத்து வைத்தார்களாம், அடுத்த வருஷம் கொண்டுபோய்ச் சேர்க்கலாமென்று.

“இப்பத்தானே ஓசியான் போயிட்டு வந்தேன். சொல்லியிருந்தா எடுத்துட்டுப் போயிருப்பேன்ல?”

“மறந்துட்டேன்” என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். செம்பட்டையாக, பட்டு நூல் மாதிரி, ஒரு சிட்டிகை இருந்தது. மறுபடி முடிச்சுப் போடத் தெரியாமல் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: “நாளைக்குக் கொஞ்சம் வெயில்ல காட்டி எடுத்து வை. பூச்சி அரிச்சிரும்.”